காதோடு சொன்ன ஆதரவு



சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதையை நாம் ஒரே மாதிரி சொல்லிப் பழகிவிட்டோம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த ஒரு பையன் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போட்டு விண்மீன்களைப் பற்றிய பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். லண்டனில் ஒரு புகழ்பெற்ற பேராசிரியர் சபை நடுவே அவனைக் கேலிக்கு ஆளாக்குகிறார். 48 ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு வருகிறது. உண்மை வென்றது என்று கைதட்டிவிட்டு எழுந்து போகிறோம்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இருக்க வேண்டிய சிலரைக் காணோம். அந்த இளைஞர் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்திருந்தும் சபையில் வாய் திறக்காதவர்கள் அவர்கள். நான் இன்று அதிகமாகப் பேச விரும்புவது அவர்களைப் பற்றித்தான். ஒரு கருத்து மோதலில் நேருக்கு நேர் எதிர்த்துப் பேசுகிறவர் செய்யும் சேதத்தைவிட, மனத்துக்குள் ஒப்புக்கொண்டு வெளியே சொல்லாதவர் செய்யும் சேதம் பெரிது என்பது என் கருத்து. சந்திரசேகர் கதையை முழுதாகப் பார்த்தால் நீங்களும் ஒருவேளை அப்படி நினைக்கலாம்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். விண்மீன் எரிகிற வரை அதன் வெப்பம் அதைத் தாங்கி நிற்கிறது. எரிபொருள் தீர்ந்ததும் தன் எடையாலேயே சுருங்கத் தொடங்குகிறது. எதுவரை சுருங்கும்? 1926இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபௌலர் ஒரு பதில் சொன்னார். எலெக்ட்ரான்களை ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால், குவாண்டம் விதிப்படி அவை எதிர்த்துத் தள்ளும். வெப்பமே இல்லாவிட்டாலும் அந்த எதிர்ப்பு இருக்கும். அதனால் விண்மீன் ஒரு கட்டத்தில் சுருங்குவதை நிறுத்தி, பூமி அளவுள்ள, ஆனால் சூரியனின் எடையுள்ள வெண்குறுமீனாக ஓய்வு பெறும். எல்லா விண்மீன்களுக்கும் அதுவே கதி என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

1930 ஜூலை கடைசி நாள் பம்பாயில் கப்பல் ஏறிய சந்திரசேகருக்கு வயது 19. கட்டுரைப் போட்டியில் பரிசாக வாங்கிய ஒரு புத்தகம் அவரிடம் இருந்தது. விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றிய அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஆர்தர் எடிங்டன். ஃபௌலர் சொன்னதில் சந்திரசேகர் ஒரு கேள்வியைச் சேர்த்தார். அந்த எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் ஓடுமே, அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? சேர்த்துப் பார்த்தபோது எதிர்த்துத் தள்ளும் பலம் போதாமல் போனது. அதாவது, வெண்குறுமீனாக ஓய்வு பெறுவதற்கு எடை வரம்பு ஒன்று, ஓர் எல்லை நிறை, உண்டு. இன்று நாம் சொல்லும் கணக்கில் அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் எடையுள்ள விண்மீனுக்கு அந்த ஓய்வு கிடையாது.

1933இல் டாக்டர் பட்டம் பெற்று கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் ஆய்வாளராக நிலைபெற்ற பிறகு, அடுத்த ஆண்டு இந்தக் கணக்கை அவர் துல்லியமாகப் போட்டார். கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் பிரன்ஸ்விகா கணக்கு எந்திரத்தில், விண்மீன் விண்மீனாக, எண் எண்ணாகப் போட்டார். அந்த எந்திரம் கிடைக்க உதவியவர் எடிங்டன். அவரும் அதே கல்லூரிக்காரர். அடிக்கடி சந்திரசேகரின் அறைக்கு வந்து வேலை எதுவரை வந்திருக்கிறது என்று விசாரிப்பார், வந்த எண்களைப் பார்ப்பார். 1919இல் சூரிய கிரகணத்தின்போது ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனை உலகுக்கு நிரூபித்துக் காட்டிய மனிதர் தன் அறைக்கு வந்து உட்கார்ந்து கணக்கைப் பார்க்கிறார் என்றால், 24 வயதுப் பையனுக்கு எவ்வளவு நம்பிக்கை வந்திருக்கும்!

1935 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. லண்டன் பர்லிங்டன் ஹவுஸில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். நிகழ்ச்சி நிரல் முந்தின நாள் கைக்கு வந்தபோதுதான், தன் பேச்சுக்கு அடுத்ததாக எடிங்டன் பேசப் போகிறார் என்பதும், தலைப்பு தன் தலைப்பையே தொடுகிறது என்பதும் சந்திரசேகருக்குத் தெரிந்தது. அன்று இரவு கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் இருவரும் சந்தித்தார்கள். எடிங்டன் தன் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சந்திரசேகருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம், அரை மணி, கேட்டு வாங்கியிருப்பதாக மட்டும் சொன்னார். மறுநாள் கூட்டத்துக்கு முன் தேநீர் வேளையில் மக்ரே என்ற வானியலர் எடிங்டனிடம் அந்தத் தலைப்புக்கு என்ன பொருள் என்று நேராகக் கேட்டார். எடிங்டன் சந்திரசேகர் பக்கம் திரும்பி, அது உங்களுக்கு ஓர் ஆச்சரியம் என்கிற மாதிரி சொல்லிவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சந்திரசேகர் பேசி முடித்தார். எடிங்டன் எழுந்து, இந்தக் கணக்கின் அடிப்படையே தவறு, குவாண்டத்தையும் சார்பியலையும் இப்படிச் சேர்த்துக் கட்ட முடியாது என்றார். விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். சபை சிரித்தது. கூட்டம் முடிந்ததும் பலர் சந்திரசேகரிடம் வந்து அனுதாபம் சொன்னார்கள். எடிங்டன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது அந்த அனுதாபத்தின் அர்த்தம்.

இதை நிற வெறி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. அதே கழகத்தில் ஜீன்ஸ், மில்ன் என்ற வானியலர்களோடும் எடிங்டன் இதே கூர்மையோடு மோதியிருக்கிறார். அவர்கள் இருவரும் ஆங்கிலேயர்கள். எடிங்டனின் நிலைக்கு வேறு காரணம் இருந்தது. குவாண்டத்தையும் சார்பியலையும் ஒன்றாக்கும் தன் சொந்தக் கோட்பாட்டை அவர் பல ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார். சந்திரசேகரின் சூத்திரம் சரியென்றால் அந்தக் கட்டடம் ஆட்டம் காணும். தான் நம்பியதை அவர் உண்மையாகவே நம்பினார், சாகும்வரை நம்பினார். தவறாக நம்புவது குற்றமில்லை. அதைச் சபையில் சொன்னதும் குற்றமில்லை. அறிவியல் சபைகள் அதற்காகத்தானே இருக்கின்றன.

அவர் குற்றம் வேறு. மாதக்கணக்கில் ஒருவரின் அறைக்குப் போய், அவர் போடும் கணக்கைப் பார்த்துக்கொண்டு, இது அடிப்படையிலேயே தவறு என்று தான் நினைப்பதைச் சொல்லாமல் இருந்தார். முந்தின நாள் இரவு எதிரில் பார்த்தபோதும் சொல்லவில்லை. தேநீர் நேரத்தில் ஒருவர் கேட்டே விட்டபோதும் சொல்லவில்லை. 1934இல் ஒரு மாலை அந்த அறையில் உட்கார்ந்து, "எனக்கு இந்தச் சூத்திரத்தில் நம்பிக்கை இல்லை, காரணம் இது" என்று சொல்லியிருந்தால், இருவரும் சண்டை போட்டிருப்பார்கள். கரும்பலகையில் சண்டை போட்டிருப்பார்கள். அது நடந்திருந்தால் 1935 ஜனவரியில் சிரிப்புக்கு இடமே இருந்திருக்காது.

இதில் இன்னொன்றும் உண்டு. எடிங்டன் அபத்தம் என்று சொன்னது எதை? எல்லைக்கு மேல் எடையுள்ள விண்மீன் கதிர்வீசிக்கொண்டே சுருங்கும், சில கிலோமீட்டர் ஆரம்வரை சுருங்கும், கடைசியில் ஈர்ப்பு மிஞ்சிப்போய் ஒளியைக்கூட வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அவரே அந்தச் சபையில் விவரித்தார். இன்று நாம் கருந்துளை என்று சொல்வது ஏறக்குறைய அதுதான். சந்திரசேகர் அன்று அவ்வளவு தூரம் போகவில்லை. வேறு சாத்தியங்களை ஊகிக்க வேண்டியிருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். ஆக, அந்தச் சபையில் எல்லையைச் சரியாகக் கண்டவர் சந்திரசேகர். எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாகக் கண்டவர் எடிங்டன். கண்டதை நம்ப முடியாததால் கணக்கையே மறுத்தார். "யார் சரி, யார் தவறு" என்று நாம் கோடு கிழித்துவிட்டால் இது கண்ணில் படாது. இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசியிருந்தால் கருந்துளையைப் பற்றிய ஆய்வு எவ்வளவு முன்னதாகத் தொடங்கியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது, காணாமல் போனவர்களிடம் வருகிறேன்.

சந்திரசேகர் கோபன்ஹேகனில் சில மாதங்கள் இருந்தவர். அங்கே குவாண்டம் இயற்பியலர் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் ரோசன்ஃபெல்ட் அவருக்கு நண்பர். லண்டன் கூட்டம் முடிந்த கையோடு அவருக்கு எழுதினார். ரோசன்ஃபெல்டும் நீல்ஸ் போரும் எடிங்டனின் வாதத்தைப் பார்த்தார்கள். அதில் பொருளே இல்லை, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று பதில் வந்தது. மகிழ்ச்சி. ஆனால் சந்திரசேகர் கேட்டது ஆறுதலை இல்லை. நீல்ஸ் போர் தன் பெயரில் நாலு வரி வெளியிட்டால் வானியலர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். அது வரவில்லை. விஷயம் ஸூரிக்கில் இருந்த வுல்ஃப்காங் பவுலியிடம் போனது. எலெக்ட்ரான்களைப் பற்றிய இந்த விதிக்குப் பெயரே அவர் பெயர்தான். அவருக்கும் சந்தேகமில்லை, சந்திரசேகர் செய்தது சரி. ஆனால் வானியலர்களின் சண்டையில் இறங்க அவருக்கும் விருப்பமில்லை.

அதே ஆண்டு ஜூலையில் பாரிஸில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் மாநாடு. எடிங்டன் ஒரு மணி நேரம் பேசினார். எல்லை நிறை என்பதே மதவிரோதம் என்கிற தோரணையில் பேசினார். தலைமையில் இருந்தவர் பிரின்ஸ்டனின் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல். பதில் சொல்ல அனுமதி கேட்டு சந்திரசேகர் சீட்டு அனுப்பினார். வேண்டாம் என்று பதில் சீட்டு வந்தது. அந்த ரஸ்ஸலே தனியில் சந்திரசேகரிடம், எங்களுக்கும் எடிங்டன் சொல்வதில் நம்பிக்கையில்லை என்று சொல்லியிருந்தவர்.

நமக்கு இது நன்றாகப் பழகிய காட்சி. துறைக் கூட்டத்தில் ஓர் இளம் ஆசிரியர் மூத்தவரை மறுத்து ஏதோ சொல்வார். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது ஒவ்வொருவராக வந்து தோளில் கை வைத்து, "நீங்க சொன்னதுதான் சார் கரெக்ட்" என்பார்கள். தோளில் கை வைத்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பெரும்பான்மை கிடைத்துவிடும். ஆனால் தீர்மானம் நிறைவேறியாகிவிட்டது. "நமக்கேன் வம்பு" என்பதை நாம் அடக்கம் என்றும் பண்பு என்றும் நினைக்கிறோம். கோபன்ஹேகனிலும் ஸூரிக்கிலும் பிரின்ஸ்டனிலும் அதே நினைப்பு இருந்தது.

அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். குவாண்டம் தெரிந்தவர்களுக்கு எடிங்டனின் கோட்பாடு ஒரு முதியவரின் விசித்திரம். மறுக்கக்கூடத் தகுதியில்லாதது என்று நினைத்து ஒதுக்கினார்கள். விண்மீன்களில் அக்கறை உள்ள வானியலர்களுக்கோ குவாண்டம் அவ்வளவாகத் தெரியாது. எடிங்டன் பெயரை நம்பினார்கள். தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அக்கறை இல்லை, அக்கறை உள்ளவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. இடையில் நின்றவர் ஒருவர்தான், அவருக்கு 24 வயது. டிராக், பியர்ல்ஸ், பிரைஸ் என்ற இயற்பியலர் மூவரும் சேர்ந்து எடிங்டனின் வாதத்தை அச்சில் மறுத்தது 1942இல். ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் சந்திரசேகர் அமெரிக்கா போய், அந்தத் துறையையே விட்டு வேறு ஆய்வுக்குப் போய்விட்டார்.

ரஸ்ஸலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்து ஆண்டுக்கு முன்பு அவர் இன்னொரு கதையிலும் இருந்தார். சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண், 1919இல் கேம்பிரிட்ஜில் எடிங்டனின் உரையைக் கேட்டு வானியலுக்கு வந்தவர், ஹார்வர்டில் விண்மீன்களின் நிறமாலையை ஆராய்ந்து 1925இல் ஒரு முடிவுக்கு வந்தார். விண்மீன்களில் ஹைட்ரஜன்தான் மற்ற எல்லாவற்றையும்விட மிக மிக அதிகம். விண்மீனும் பூமியும் ஏறக்குறைய ஒரே பொருளால் ஆனவை என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ஆய்வேட்டைப் படித்த ரஸ்ஸல், இது நடக்கவே முடியாது என்று எழுதினார். பெய்ன் பணிந்தார். தான் கண்ட அந்த முடிவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே எழுதினார். 1929இல் ரஸ்ஸல் வேறு வழியில் போய் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பெய்னின் எண்களோடு தன் எண்கள் ஒத்துப்போவதைத் தன் கட்டுரையில் குறிப்பிட்டார். அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர். ஆனாலும் பல காலம் கண்டுபிடிப்பு அவர் பெயரில்தான் பேசப்பட்டது.

பெய்ன் பின்னாளில் யாரையும் குறை சொல்லவில்லை. சரியென்று நம்பியதை வலியுறுத்தாமல் பெரியவர்களின் அதிகாரத்துக்குப் பணிந்தது தன் தவறு என்று தன் சுயசரிதையில் எழுதினார். எனக்கு இது கடுமையான சுயதீர்ப்பாகப் படுகிறது. வேலைக்கும் பட்டத்துக்கும் மற்றவர் தயவை எதிர்பார்த்து நின்ற பெண் அவர். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை ஒப்புக்கொண்டாக வேண்டும். தான் நம்பாததை அச்சில் ஏற்றியதும் அந்த வாக்கியம் அவருடையதாகிவிடுகிறது. பிறகு அவர் சரி என்று நிரூபணமானபோது, அவருக்கு எதிரான சாட்சியாக அவர் எழுத்தே நின்றது.

சந்திரசேகர் அதைச் செய்யவில்லை. கத்தவும் இல்லை. 1939இல் விண்மீன்களின் கட்டமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எல்லை நிறையின் கணக்கு முழுவதையும், ஒரு படியும் விடாமல், அதில் வைத்தார். பிறகு விண்மீன் கூட்டங்களின் இயக்கம், ஒளி ஊடுருவிப் பாயும் முறை என்று வேறு வேறு துறைகளுக்குப் போனார். ஓடிப்போனார் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் தன் வாதத்தைத் தன்னால் முடிந்தவரை தெளிவாகச் சொல்லி, யாரும் எப்போது வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கும் இடத்தில் வைத்துவிட்டால், அதற்கு மேல் தினமும் வாசலில் நின்று காவல் காக்கத் தேவையில்லை.

அந்த 1939ஆம் ஆண்டு பாரிஸில் இருவரும் மீண்டும் ஒரே கூட்டத்தில் மோதினார்கள். அது முடிந்தபின் எடிங்டன் சந்திரசேகரிடம் வந்து, உங்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன் என்றார். கருத்தை மாற்றிக்கொண்டீர்களா என்று சந்திரசேகர் கேட்டார். இல்லை என்றார் எடிங்டன். அப்படியானால் எதற்காக வருந்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சந்திரசேகர் நகர்ந்துபோனார்.

இந்த உரையாடலைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கருத்தை மாற்றாமல் மன்னிப்புக் கேட்கக் கூடாதா? கேட்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் எதற்கு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எடிங்டன் வருந்தியிருக்க வேண்டியது 1934இல் அந்த அறையில் சொல்லாமல் மறைத்ததற்காக, தன் பெயரின் பலத்தால் ஒரு சபையைச் சிரிக்க வைத்ததற்காக. அதை விட்டுவிட்டு, மனம் புண்பட்டதற்கு வருத்தம் என்றால், விவாதத்தை உணர்ச்சிப் பிரச்சினையாக மாற்றிவிடுகிறோம். புண்பட்டவர் ஏதோ தொட்டாற்சுருங்கி என்றாகிவிடுகிறது. சந்திரசேகர் கேட்ட கேள்வி முரட்டுத்தனமாகத் தோன்றலாம்; என் மனத்துக்கு அது அந்தச் சண்டையிலேயே நேர்மையான வாக்கியம்.

இத்தனைக்கும் இருவருக்கும் இடையே பேச்சு அறுபடவில்லை. எடிங்டன் சைக்கிள் பைத்தியம். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை மைலோ அதற்கு மேலோ, அதே எண்ணிக்கை நாட்கள் ஓட்டியிருக்க வேண்டும் என்று தனக்கே ஒரு கணக்கு வைத்திருந்தார். 1938இல் சந்திரசேகருக்கு எழுதிய கடிதத்தில் அந்த எண் 75இலேயே நிற்கிறது என்று வருத்தப்படுகிறார். 75 நாட்கள், நாளுக்கு 75 மைலுக்குக் குறையாமல்! மூன்று ஆண்டுகளாக ஒருவரையொருவர் மேடையில் மறுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுதிக்கொண்ட கடிதம் இது. நம் ஊரில் ஒரு பட்டிமன்றக் கருத்துக்காகக் கல்யாணப் பத்திரிகை வைக்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எடிங்டன் 1944இல் இறந்தார். அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேசிய சந்திரசேகர், கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டுக்கு அடுத்தபடியாகத் தங்கள் காலத்தின் மிகப் பெரிய வானியலர் என்று அவரை மதிப்பிட்டார். எல்லை நிறையைத் தாண்டிச் சுருங்கியதால் உருவாகும் நியூட்ரான் விண்மீனை அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை. கருந்துளை என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. நியூட்ரான் விண்மீனான துடிக்கும் விண்மீனை ஜோசலின் பெல் கண்டது 1967இல். வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவுக்குள் அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது 1968இல். அதாவது, தன் பக்கம் முழுவதுமாக நிரூபணமாவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே அவர் அப்படிப் பேசினார். வென்ற பிறகு பெருந்தன்மை காட்டுவது சுலபம். அவர் வெல்வதற்கு முன்பே காட்டினார். அன்று எடிங்டன் ஏற்றுக்கொண்டு தனக்குச் சின்ன வயதிலேயே பெரும்புகழ் வந்திருந்தால் அது தனக்கு நல்லதாக இருந்திருக்காது என்றுகூடப் பின்னாளில் சொன்னார். அதில் முழுதாக உடன்பட என்னால் முடியவில்லை. எடிங்டன் ஏற்காதது அவருக்கு நல்லதாக இருந்திருக்கலாம். அறிவியலுக்கு அது நஷ்டம்.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு, 1970களில், அவர் கருந்துளைகளின் கணிதத்துக்கே திரும்பி வந்தார். 1982இல் எடிங்டன் நூற்றாண்டையொட்டி டிரினிட்டி கல்லூரியில் நினைவுச் சொற்பொழிவாற்ற அவரைத்தான் அழைத்தார்கள். நோபல் பரிசு அறிவிக்கப்பட இன்னும் ஓராண்டு இருந்தது. இரண்டு உரைகள் நிகழ்த்தினார். எடிங்டன் விண்மீன்களின் உள்ளமைப்பில் செய்த வேலையை அதற்குரிய முழு மதிப்போடு விளக்கினார். 1935ஆம் ஆண்டுச் சண்டையையும் விட்டுவிடவில்லை. அதைச் சொல்லும்போது எடிங்டனின் வாதத்தை அவர் சொன்ன வடிவத்திலேயே, குறைக்காமல், கருந்துளையை அவர் அன்றே கண்டுகொண்டிருந்தார் என்பது உட்பட, எடுத்து வைத்தார். பிறகு, பொதுச் சார்பியலை முதலில் ஏற்று முன்னின்று ஆதரித்தவர்களில் ஒருவரான எடிங்டன், விண்மீன்கள் இயல்பாகவே கருந்துளையாக முடியலாம் என்பதை மட்டும் ஏன் அவ்வளவு ஏற்க முடியாததாக நினைத்தார் என்பது தனக்குப் புரியவில்லை என்றார்.